கான்கிரீட்டுக்குள் கரிநூல்!

இரும்புக் கம்பியின் இடத்துக்கு வருகிறது, யந்திரம் சுற்றும் நூல்

2024-ம் ஆண்டு செப்டம்பர் 11-ம் தேதி. விடியற்காலை மூன்று மணி. ஜெர்மனியில் எல்பே நதிக்கரையில் இருக்கும் டிரெஸ்டன் நகரம் உறங்கிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் நகரின் நடுவே உள்ள கரோலா பாலத்தின் ஒரு பகுதி, சுமார் 100 மீட்டர் நீளத்துக்கு, முறிந்து ஆற்றில் விழுந்துவிட்டது.

விழுந்தது, டிராம் வண்டிகளும் பாதசாரிகளும் சைக்கிள்காரர்களும் போகும் பகுதி. கடைசி டிராம் வண்டி சற்று முன்புதான் அதைக் கடந்து போயிருந்தது. பகல் நேரத்தில் விழுந்திருந்தால் எத்தனை உயிர்கள் போயிருக்குமோ, நினைக்கவே நெஞ்சு நடுங்குகிறது. நல்ல வேளையாக ஒருவருக்கும் காயம்கூட இல்லை.

அது புராதனமான பாலம் அல்ல. 1967-ல் தொடங்கி 1971-ல் கட்டி முடித்த கான்கிரீட் பாலம். வயது 53 தான். பின் ஏன் விழுந்தது?

டிரெஸ்டன் தொழில்நுட்ப சர்வகலாசாலைப் பேராசிரியர் ஸ்டெஃபன் மார்க்ஸ் ஆராய்ந்து சொன்ன காரணம் இது: கான்கிரீட்டுக்குள் விறைப்பாக இழுத்துக் கட்டியிருந்த உருக்குக் கம்பிகளில், பாலம் கட்டிய காலத்திலேயே ஈரம் பட்டிருக்கிறது. அதனால் ஹைட்ரஜன் உருக்குக்குள் புகுந்து, கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளை உண்டாக்கிவிட்டது. அந்த வெடிப்புகள் ஆண்டுக்கணக்கில் வளர்ந்தன. மேலே வண்டிகள் ஓடின. உள்ளே கம்பிகள் ஒவ்வொன்றாக அறுந்துகொண்டிருந்தன. வெளியே பார்ப்பவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இதில் ஒரு விசித்திரம் உண்டு. இந்தப் பாலம் விழுவதற்கு இரண்டு ஆண்டுகளுக்கு முன், 2022-ல், இதே டிரெஸ்டன் நகரில் ஒரு புதுமையான கட்டிடம் எழும்பியிருந்தது. ‘கியூப்’ என்று அதற்குப் பெயர். அதன் சுவரிலும் கூரையிலும் கான்கிரீட்டைத் தாங்கி நிற்பது இரும்புக் கம்பி அல்ல; நூல்! கார்பன் நூல். அதாவது கரியால் ஆன நூல். கார்பன் கான்கிரீட்டினால் கட்டிய உலகின் முதல் கட்டிடம் என்று அதைச் சொல்கிறார்கள்.

நூல் எப்படிக் கட்டிடத்தைத் தாங்கும்?

இரும்பும் சிமெண்டும் சேர்ந்த கதை

கான்கிரீட்டுக்கு ஒரு பலமும் ஒரு பலவீனமும் உண்டு. அதன் தலைமேல் எவ்வளவு பாரம் ஏற்றினாலும் தாங்கும். ஆனால் இழுத்தால் தாங்காது. இரண்டு செங்கல்களின் மேல் ஒரு சாக்குக்கட்டியை வைத்து, நடுவில் விரலால் அழுத்திப் பாருங்கள். அடிப்பக்கம் இழுபட்டு, பட்டென்று இரண்டாக ஒடியும். கான்கிரீட்டின் குணமும் அதுதான்.

பழைய ரோமானியர்களுக்கு இது தெரிந்திருந்தது. அதனால்தான் அவர்கள் இழுவிசை அதிகம் ஏற்படாதபடி கவிகை மாடமாகவே கட்டினார்கள். ரோமில் உள்ள பாந்தியன் ஆலயத்தின் மாடம் 43 மீட்டர் அகலம். உள்ளே ஒரு கம்பிகூடக் கிடையாது. சுமார் 1900 ஆண்டுகளாக அது நிற்கிறது.

இரும்பைக் கான்கிரீட்டுக்குள் வைத்தவர்களில் முக்கியமானவர் ஒரு தோட்டக்காரர். ஜோசப் மோனியே என்ற பிரெஞ்சுக்காரர். அவர் செய்த சிமெண்ட் பூந்தொட்டிகள் உடைந்துகொண்டே இருந்தன. உள்ளே இரும்புக் கம்பி வலையை வைத்துப் பூசிப் பார்த்தார். தொட்டி உடையவில்லை. 1867-ம் ஆண்டில் அதற்குக் காப்புரிமை வாங்கினார். இன்று உலகத்தில் எழும்பும் அடுக்குமாடி வீடுகள், பாலங்கள், அணைகள் பலவற்றுக்கும் அந்தப் பூந்தொட்டிதான் மூதாதை.

இந்தக் கூட்டு நிலைத்ததற்கு இரண்டு காரணங்கள். வெயிலில் இரும்பு எவ்வளவு நீளுமோ, ஏறத்தாழ அதே அளவுதான் கான்கிரீட்டும் நீளும். ஆகவே ஒன்றை ஒன்று பிய்த்துக்கொள்வதில்லை. இரண்டாவது, சிமெண்டில் காரத்தன்மை அதிகம். அந்தக் காரம் இரும்பின்மேல் மெல்லிய காப்புப் படலத்தை உண்டாக்கித் துருப்பிடிக்காமல் பாதுகாக்கிறது.

துரு செய்யும் வேலை

ஆனால் அந்தப் பாதுகாப்பு நிரந்தரம் அல்ல. காற்றில் உள்ள கரியமில வாயு, கான்கிரீட்டுக்குள் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கிக் காரத்தைக் குறைக்கிறது. கடலோரமானால் உப்பும் சேர்ந்துகொள்ளும். குளிர் நாடுகளிலோ, பனி உறையாமலிருக்கச் சாலைகளில் தூவும் உப்பே பாலத்துக்கு யமனாகிறது.

காப்புப் படலம் போனதும் இரும்பு துருவேறுகிறது. துரு, தான் தோன்றிய இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைக்கும். உள்ளிருந்து தள்ளும். கான்கிரீட் வெடிக்கும்; காரை பெயர்ந்து விழும். பழைய வீட்டுத் தளத்தின் அடிப்பக்கத்தில் கம்பி பல்லை இளித்துக்கொண்டு தெரிவதைப் பார்க்காதவர்கள் நம் ஊரில் இருக்க முடியாது.

இதைத் தடுக்க என்ஜினீயர்கள் செய்வது என்ன? கம்பியைக் கான்கிரீட்டுக்குள் ஆழமாகப் புதைக்கிறார்கள். கம்பிக்கும் வெளிப்புறத்துக்கும் இடையே இரண்டரை சென்டிமீட்டரிலிருந்து ஐந்து சென்டிமீட்டர் வரை கான்கிரீட் மூடியிருக்க வேண்டும் என்பது விதி. பாரம் தாங்குவதற்கு அவ்வளவு கனம் தேவையில்லை. இரும்பைக் காப்பாற்றுவதற்காகவே அத்தனை சிமெண்டும் மணலும் ஜல்லியும் செலவாகின்றன. உலகம் முழுவதும் மனிதன் வெளியிடும் கரியமில வாயுவில் ஏறத்தாழ நூற்றுக்கு 8 பங்கு சிமெண்ட் தயாரிப்பிலிருந்தே வருகிறது என்பதையும் சேர்த்து நினைத்தால், இந்த வீண் கனம் எவ்வளவு பெரிய சமாசாரம் என்பது விளங்கும்.

துருப்பிடிக்காத ஒரு பொருளை இரும்பின் இடத்தில் வைத்துவிட்டால்?

ரோமத்தில் பத்தில் ஒரு பங்கு

அந்தப் பொருள்தான் கார்பன் நூல். ஒரு வகைச் செயற்கை இழையை முதலில் 200 முதல் 300 டிகிரி வரை காய்ச்சிப் பதப்படுத்தி, பிறகு காற்றுப் படாமல் 1000 டிகிரிக்கு மேல் சூடாக்கினால் மற்றவை எல்லாம் ஆவியாகிப் போய்க் கரி மட்டும் மிஞ்சும். இப்படிக் கிடைக்கும் ஓர் இழையின் கனம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஏழு பங்கு. தலைமயிரின் கனத்தில் சுமார் பத்தில் ஒரு பங்கு!

இப்படிப்பட்ட 50,000 இழைகளை ஒன்றாகச் சேர்த்தால் ஒரு கட்டிட நூல் ஆகிறது. ஒரு மீட்டர் நூலின் எடை 3 கிராமுக்குச் சற்று அதிகம். ஆனால் கணக்குப்படி அது அரை டன் இழுப்பைத் தாங்கும்.

நம் ஊரில் தளம் போடும்போது கட்டுகிற 8 மில்லிமீட்டர் கம்பியோடு இதை ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்தக் கம்பி ஒரு மீட்டருக்கு 395 கிராம் எடை. தாங்கும் இழுப்பு சுமார் இரண்டரை டன். அதே வேலையை ஐந்து கார்பன் நூல்கள் செய்துவிடும். அவற்றின் எடை 16, 17 கிராம்தான்! நூலை ஊறவைக்கும் பிசினின் எடையைச் சேர்த்தாலும் வித்தியாசம் மலைக்கும் மடுவுக்கும்தான்.

முக்கியமான விஷயம், இதற்குத் துரு என்பதே கிடையாது. ஆகவே மேலே கனமாக மூடிப் பாதுகாக்க வேண்டியதில்லை. சென்டிமீட்டர்க் கணக்கில் வேண்டியிருந்த மூடாக்கு மில்லிமீட்டர்க் கணக்குக்கு இறங்கிவிடுகிறது.

தறியிலிருந்து வந்த யோசனை

இந்த வித்தையில் டிரெஸ்டன் முன்னணியில் நிற்பதற்குக் காரணம் இருக்கிறது. அது சாக்ஸனி மாகாணத்தின் தலைநகர். சாக்ஸனியோ தலைமுறை தலைமுறையாக ஜவுளித் தொழிலுக்கும் ஜவுளி யந்திரங்களுக்கும் பேர்போன பூமி. அங்குள்ள சர்வகலாசாலையில் கட்டிடக்கலை நிபுணர்களும் நெசவு நிபுணர்களும் கூடி உட்கார்ந்தார்கள். 1999 முதல் 2011 வரை, நூலைக் கொண்டு கான்கிரீட்டைப் பலப்படுத்துவது பற்றி அங்கே பெரிய ஆராய்ச்சி ஒன்று நடந்தது. மான்ஃப்ரெட் குர்பாக் என்ற கட்டிட நிபுணர், பீட்டர் ஆஃபர்மன், ஷோக்ரி ஷெரிஃப் என்ற ஜவுளி நிபுணர்கள் ஆகிய மூவருக்கும் 2016-ம் ஆண்டில் ஜெர்மனியின் ‘எதிர்காலப் பரிசு’ கிடைத்தது. விஞ்ஞானத்துக்கும் தொழில்நுட்பத்துக்கும் ஜெர்மன் ஜனாதிபதி வழங்கும் விருது அது.

அவர்கள் முதலில் கையாண்ட முறை, நூலை வலையாகப் பின்னுவது. ஊடும் பாவும் போலக் குறுக்கும் நெடுக்குமாக நூலை வைத்து, பின்னல் யந்திரத்தில் பின்னிப் பிசின் பூசி உலர்த்திவிடுவார்கள். கொசுவலையைப்போல, ஆனால் பெரிய கண்களோடு, சுருள் சுருளாக வரும். அதைக் கான்கிரீட்டில் பதிப்பார்கள்.

அதன் பெருமைக்கு ஒரு சாட்சி மாக்டபர்க் நகரில் இருக்கிறது. 1969-ல் உல்ரிக் மூத்தர் என்ற ஜெர்மன் என்ஜினீயர் அங்கே ஒரு மண்டபம் கட்டினார். 48 மீட்டர் நீளம், 48 மீட்டர் அகலம். அதன் கூரை வெறும் ஏழு சென்டிமீட்டர் கனமுள்ள, வளைந்து நெளிந்த கான்கிரீட் ஓடு. காலப்போக்கில் அது பழுதாகி மூடப்பட்டது. இடித்துவிடலாம் என்ற பேச்சும் எழுந்தது. கடைசியில் அந்த ஓட்டுக்கு மேலே ஒரு சென்டிமீட்டர், கீழே ஒரு சென்டிமீட்டர் கனத்துக்குக் கார்பன் வலை வைத்துக் கான்கிரீட் பூசினார்கள். 2024-ல் மண்டபம் மறுபடியும் திறக்கப்பட்டது. இரும்புக் கம்பி வைத்துப் பலப்படுத்தியிருந்தால் அந்தக் கனத்தை அந்த மெல்லிய ஓடு தாங்கியிருக்காது.

புள்ளி வைத்து இழை போடும் யந்திரம்

ஆனால் வலையில் ஒரு குறை உண்டு. வலை எங்கும் ஒரே மாதிரி இருக்கும். கட்டிடத்தில் விசை அப்படிப் போவதில்லை. ஒரு தளத்தில் தூணுக்கு அருகே இழுப்பு அதிகம். வேறோர் இடத்தில் ஒன்றுமே இராது. சன்னல் ஓரத்தில் விசை வளைந்து போகும். வலையை விரித்தால் தேவையான இடத்திலும் நூல், தேவையில்லாத இடத்திலும் நூல். சன்னலுக்காக வெட்டி எறியும் துண்டு வேறு நஷ்டம். எடைக்கு எடை பார்த்தால் கார்பன், இரும்பைவிடப் பல மடங்கு விலை. இதை எப்படி வீணடிப்பது?

இங்கேதான் புதிய முறை வந்து சேருகிறது. ஒரு பொருளை வெட்டிச் செதுக்கி வடிவம் கொடுப்பதற்குப் பதிலாக, வேண்டிய இடத்தில் வேண்டிய அளவு மட்டும் வைத்து வைத்து உருவாக்குவது. யந்திரக் கை ஒன்று இந்த வேலையைச் செய்கிறது.

சிக்குக் கோலம் போடுவதைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாக விளங்கும். முதலில் புள்ளி வைக்கிறார்கள். பிறகு புள்ளிகளைச் சுற்றி இழையை வளைத்து வளைத்து இழுத்துக்கொண்டே போகிறார்கள். யந்திரமும் அதைத்தான் செய்கிறது. பலகையில் முளைகள் அடித்திருக்கும். அவைதாம் புள்ளிகள். உருளையிலிருந்து வரும் கார்பன் நூல் ஒரு தொட்டியில் முங்கி ஊறி, யந்திரக் கையின் நுனி வழியாக வெளியே வரும். கை முளைகளைச் சுற்றி நூலை இழுத்துக்கொண்டே போகும். விசை எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் நூலும் போகும். இழுப்பு அதிகமான இடத்தில் பல சுற்று. குறைவான இடத்தில் ஒரே சுற்று. சன்னல் இருந்தால் அதை ஒட்டி வளைந்து போகும். எந்த இடத்தில் எத்தனை சுற்று என்பதைக் கம்ப்யூட்டர் முன்பே கணக்குப் போட்டு வைத்திருக்கும்.

நூல் ஊறும் தொட்டியில் என்ன இருக்கிறது என்பதும் முக்கியம். முதலில் பிசினைத்தான் உபயோகித்தார்கள். பிசின் நூலைக் கெட்டியாகப் பிடிக்கும். ஆனால் தீ விபத்து ஏற்பட்டால் 100 டிகிரி சூட்டிலேயே பல பிசின்கள் இளகிவிடும். பிடி விட்டுப் போனால் நூல் இருந்தும் பயன் இல்லை. ஆகவே டிரெஸ்டனில் பேராசிரியர் விக்டர் மெஷ்செரின் குழுவினர் பிசினுக்குப் பதிலாக மிக நைசாக அரைத்த சிமெண்ட் கரைசலில் நூலை ஊறவைத்தார்கள். இந்த நூல் பிசின் நூலைவிட அதிகச் சூட்டைத் தாங்கியது. ஈரமாக இருக்கும்போது எப்படி வேண்டுமானாலும் வளையும் என்பதால் யந்திரக் கைக்கும் வசதி. சிமெண்டும் சிமெண்டும் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும் என்பது மற்றொரு லாபம்.

பிரௌன்ஷ்வைக் நகரத்துச் சர்வகலாசாலையில் இன்னும் ஒரு படி மேலே போயிருக்கிறார்கள். மியூனிக் சர்வகலாசாலையோடு சேர்ந்து 2020-ல் அவர்கள் தொடங்கிய ஆராய்ச்சியில், கான்கிரீட்டையே யந்திரம் பீய்ச்சி அடித்து அடுக்கடுக்காகச் சுவர் எழுப்புகிறது. முதலில் நடுச்சுவர்; பிறகு அதில் முளைகளைச் செருகி, சுற்றிலும் நூலைச் சுற்றுவது; அதன்மேல் மறுபடி கான்கிரீட்டைப் பீய்ச்சி மூடுவது. பலகை அடைப்பும் வேண்டாம், கம்பி கட்டும் வேலையும் வேண்டாம் என்பது அவர்களுடைய குறி.

அச்சு வீட்டுக்கு எலும்பு

இந்த ஆராய்ச்சிக்கு அவசரமான தேவை ஒன்று இருக்கிறது. கான்கிரீட்டைப் பற்பசைபோலப் பிதுக்கி, வரிக்கு மேல் வரி வைத்து வீடு ‘அச்சடிக்கும்’ யந்திரங்கள் வந்துவிட்டன. இப்படி அச்சடித்த ஓர் இரண்டு அடுக்கு வீடு 2021-ல் ஜெர்மனியின் பெக்கம் நகரில் திறக்கப்பட்டது. அதே 2021-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் சென்னை ஐ.ஐ.டி. வளாகத்திலும் 600 சதுர அடியில் ஓர் அச்சு வீடு திறக்கப்பட்டது. அங்கே படித்த மாணவர்கள் தொடங்கிய ‘த்வஸ்தா’ என்ற நிறுவனத்தின் வேலை அது.

சுவரை அச்சடிக்கலாம். கம்பியை எப்படி அச்சடிப்பது? குழாய் வழியாகச் சாந்து வரும், கம்பி வராது. வரிகளுக்கு இடையே குறுக்காகக் கம்பியைச் செருகுவதும் சிரமம். இந்தக் காரணத்தால் அச்சுச் சுவர்களில் பெரும்பாலும் உள்ளே பொந்து விட்டு, அதில் கையால் கம்பியை நிறுத்திக் கான்கிரீட் ஊற்றுகிறார்கள். சதை யந்திரம் வைக்கிறது, எலும்பை மனிதன் வைக்கிறான் என்று சொல்லலாம். வளையும் நூலானால் எலும்பையும் யந்திரமே வைத்துவிடும்.

அப்படியானால் கம்பி வளைத்துக் கட்டிப் பிழைக்கும் தொழிலாளிகளின் கதி என்ன? இந்தக் கேள்வியை அலட்சியம் செய்ய முடியாது. கட்டிட வேலையில் விரல் தேய்ந்து முதுகு வளைவது அவர்களுக்குத்தான். யந்திரம் அந்தக் கஷ்டத்தைப் போக்கும்; கூடவே கூலியையும் போக்கிவிடும். நூல் சுற்றும் வேலை ஆராய்ச்சிச்சாலையிலிருந்தும் தொழிற்சாலையிலிருந்தும் தெருவுக்கு வர நாளாகும் என்பது மட்டுமே இப்போதைக்கு ஆறுதல்.

சொல்லாமல் அறுபடும் நூல்

கரிநூலில் குறையே இல்லையா? உண்டு. அதில் மிகப் பெரிய குறையை என்ஜினீயர்கள் மறைப்பதில்லை.

சாதாரண இரும்புக் கம்பி சாகும்போது சொல்லிவிட்டுச் சாகும். பாரம் மிஞ்சினால் முதலில் இழுபட்டு நீளும். உத்தரம் தொய்யும். வெடிப்பு விரியும். வீட்டில் இருப்பவர்கள் பார்த்துப் பயந்து வெளியேற அவகாசம் கிடைக்கும். கார்பன் நூல் அப்படி இழுபட்டு நீளாது. எல்லை வரை தாங்கும். எல்லை தாண்டினால் பட்டென்று அறும். இதனால் அதன் முழுப் பலத்தையும் கணக்கில் எடுக்காமல், நிறையப் பலத்தைக் கையிருப்பாக விட்டுத்தான் கட்டிடத்தைத் திட்டமிட வேண்டும்.

கரோலா பாலத்தின் பாடமும் இங்கே பொருந்துகிறது. அங்கே அறுந்தது உருக்குக் கம்பிதான். ஆனாலும் ஹைட்ரஜனால் கெட்டுப்போன உருக்கு, உருக்கின் நல்ல குணத்தை இழந்து, சொல்லாமல் அறுந்தது. எந்தப் பொருளைப் போட்டாலும் உள்ளே நடப்பதை அறிய வழி வேண்டும் என்பதை அந்தப் பாலம் எல்லோருக்கும் உணர்த்தியது. விழாமல் நின்ற மற்றப் பகுதிகளில், கம்பி அறும் ஓசையைக் கேட்கும் கருவிகளைப் பொருத்தினார்கள். பிறகு அவற்றையும் இடித்து அகற்ற நேர்ந்தது.

கார்பனுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. அது மின்சாரத்தைக் கடத்தும். நூல் இழுபடும்போது அதன் மின்தடை மாறும். அந்த மாற்றத்தை அளந்தால், நூல் தன் நிலைமையைத் தானே சொல்லும்படி செய்யலாம். இந்த வழியில் ஆராய்ச்சி நடக்கிறது.

வேறு சில்லறைத் தொந்தரவுகளும் உண்டு. கார்பனும் இரும்பும் ஈரத்தில் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தால் இரும்பு இன்னும் வேகமாகத் துருப்பிடிக்கும். இரண்டையும் பிரித்து வைக்க வேண்டும். நூலைத் தயாரிக்க ஏராளமான எரிசக்தி செலவாகிறது. கட்டிடத்தை இடிக்கும்போது கான்கிரீட்டைப் பொடித்து நூலைப் பிரித்தெடுக்க முடியும்; ஆனால் கிடைப்பது நீள நூல் அல்ல, துண்டு நூல்.

புதுப் பொருளுக்கு விதி வகுப்பதும் ஒரு பெரிய வேலை. விதி இல்லாமல் எந்த என்ஜினீயரும் கையெழுத்துப் போடமாட்டார். உலோகம் அல்லாத கம்பி வைத்துக் கட்டும் கான்கிரீட்டுக்கு 2024-ல் ஜெர்மனி விதிமுறை வெளியிட்டது. இந்தியாவிலும், கார்பனைவிட மலிவான கண்ணாடி நூலில் செய்த கம்பிகளுக்கு 2023-ல் இந்தியத் தர நிர்ணய அமைவனம் தரம் வகுத்தது.

முதல் உபயோகம் எங்கே?

இரும்புக் கம்பி நாளைக்கே மறைந்துவிடும் என்று யாரும் எதிர்பார்க்கவில்லை. சாதாரண வீட்டுக்கு இரும்புதான் மலிவு. அதைக் கட்டத் தெரிந்த கைகளும் ஊருக்கு ஊர் உண்டு.

ஆனால் கரோலா பாலத்தின் வயதை ஒத்த பாலங்கள் ஐரோப்பா எங்கும் இருக்கின்றன. ஜெர்மனியின் விரைவு நெடுஞ்சாலைகளில் மட்டும் அவசரமாகப் புதுப்பிக்க வேண்டிய பாலங்கள் 4,000 என்று 2022-ல் அந்த நாட்டு அரசாங்கம் கணக்கிட்டது. அத்தனையையும் இடித்துக் கட்டப் பணமும் போதாது, ஆளும் போதாது, போக்குவரத்தை நிறுத்தவும் முடியாது. மாக்டபர்க் மண்டபத்தைப்போல, பழைய கான்கிரீட்டின்மேல் விரல் கனத்துக்கு ஒரு பூச்சுப் பூசி ஆயுளை நீட்டுவதில் கரிநூலுக்கு உடனடியான வேலை காத்திருக்கிறது. எல்லாப் பாலத்துக்கும் அது மருந்தல்ல. உள்ளே கம்பிகள் அறுந்துபோன பாலத்தை இடிப்பதைத் தவிர வழியில்லை. எது பிழைக்கும், எது பிழைக்காது என்று முன்கூட்டியே சோதித்துச் சொல்வதுதான் இப்போது அங்குள்ள என்ஜினீயர்களின் தலையாய கவலை.